பெண்களின் தொடையிடுக்கில் ஒரு நீர்க்கட்டி: நக் கால்வாயும் அதன் அறுவை சிகிச்சையும்

தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் ஒரு பெண்ணுக்கு வீக்கம் வந்தால் நம் வீடுகளில் முதலில் சொல்வது, "நெறி கட்டியிருக்கும்" என்பதுதான். காலில் முள் குத்தியதா, புண் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் வீக்கம் அப்படியே நின்றால் டாக்டரிடம் போவார்கள். அங்கே பெரும்பாலும் சீட்டில் ஹெர்னியா என்று எழுதுவார்கள். இரண்டுமே நியாயமான ஊகங்கள். அந்த இடத்து வீக்கங்களில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் ஹெர்னியா என்று நம்பித் திறந்த அறுவை மருத்துவர் உள்ளே குடலையும் காணாமல் கொழுப்பையும் காணாமல், மெல்லிய சுவருக்குள் தெளிந்த நீர் நிரம்பிய ஒரு பையைக் காண்பதும் உண்டு. ஆண்களுக்கு விதைப்பையில் நீர் கோத்துக்கொள்ளும் ஹைட்ரோசீலை நமக்குத் தெரியும். யானைக்கால் நோய் பரவியிருந்த ஊர்களில் அதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இது அதே உறுப்பமைப்பின் பெண் வடிவில் வருவது. நக் கால்வாய் நீர்க்கட்டி, அல்லது நக் கால்வாய் ஹைட்ரோசீல் என்று மருத்துவர்கள் சொல்வார்கள்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் "அரிய நோய், யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை" என்று அங்கலாய்ப்பது வழக்கம். என் கணக்கு சற்று வேறு. இந்தக் கட்டிக்குச் சரியான பெயரை அறுவைக்கு முன்பே வைக்காமல் போனால் நோயாளிக்குப் பெரிய நஷ்டம் ஏதுமில்லை. ஹெர்னியா என்று நினைத்துப் போனாலும் வழி ஒன்றுதான், கத்தி திறக்கும் இடமும் ஒன்றுதான். இந்தக் கட்டிதான் என்று நினைத்துக்கொண்டு வேறொன்றைத் தவறவிட்டால்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வேறொன்றுகள் எவை என்று தெரிந்தால், எந்தப் பரிசோதனை ஏன் தேவை என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

மூடாமல் விட்ட வழி

வயிற்றறையின் உட்புறத்தை பெரிட்டோனியம் என்ற வழுவழுப்பான சவ்வு போர்த்தியிருக்கிறது. கருவில் ஆண் குழந்தையின் விதைகள் வயிற்றுக்குள் உருவாகிக் கீழே இறங்கும்போது, இந்தச் சவ்வு, அடிவயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே ஓடும் தொடையிடுக்குக் குழாய் வழியாக விதைப்பை வரை ஒரு குழலாக நீள்கிறது. விதை இறங்கிய பிறகு குழல் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் ஹெர்னியா எனப்படும் குடலிறக்கமோ நீர்வீக்கமோ வரும்.

பெண் குழந்தைக்கு இறங்குவதற்கு விதை இல்லை. சினைப்பை இடுப்புக்கூட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்த ஏற்பாடு முழுக்க இல்லாமல் போவதில்லை. கருப்பையின் இரு மேல் மூலைகளிலிருந்தும் ரவுண்ட் லிகமென்ட் என்ற நாண் ஒன்று கிளம்பி, தொடையிடுக்குக் குழாய்க்குள் நுழைந்து, பிறப்புறுப்பின் வெளி உதட்டில் போய் முடிகிறது. அதன் கூடவே பெரிட்டோனியமும் ஒரு சிறு பையாக இழுபட்டு வருகிறது. அதுதான் நக் கால்வாய். பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே, இல்லாவிட்டால் முதல் வயதுக்குள், அது சுருங்கி மறைந்துவிடும்.

மறையாமல் நின்றால் என்ன ஆகும் என்பது திறப்பின் அகலத்தைப் பொறுத்தது. வழி அகலமாக இருந்தால் குடலோ கொழுப்போ சினைப்பையோ உள்ளே நுழையும், அது ஹெர்னியா. குறுகலாக இருந்தால் வயிற்றறையின் நீர் மட்டும் கசிந்து இறங்கும். மேலேயும் கீழேயும் மூடி நடுவில் ஒரு துண்டு மட்டும் திறந்து நின்றால், அந்தத் துண்டின் உட்சவ்வு சுரக்கும் நீர் வடிய வழியில்லாமல் தேங்கிக் கட்டியாகும். பிறவியிலேயே இருந்த அறை ஏன் முப்பது, நாற்பது வயதில் நீர் கோக்கிறது என்பதற்குப் பெரும்பாலான நோயாளிகளிடம் காரணம் ஏதும் அகப்படாது. அடிபட்டது, தொற்று, நிணநீர் வடிகால் அடைபட்டது என்று சிலருக்குச் சொல்லலாம். சுரப்பதும் உறிஞ்சப்படுவதும் சமன் குலைந்தால் நீர் சேரும், அவ்வளவுதான். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், சிறுநீரகச் செயலிழப்புக்காக வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் இந்த வழி திறந்திருந்தால் பிறப்புறுப்பின் உதடு திடீரென்று வீங்கும். அவர்களிடம் காரணம் தெளிவாகவே இருக்கும்.

பெயருக்குரிய அன்டன் நக் (1650–1692) நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியர். நிணநீர்க் குழாய்களுக்குள் பாதரசத்தைச் செலுத்தி அவற்றின் போக்கைக் கண்டறிந்தவர். 1691-இல் வெளிவந்த அவருடைய நூலின் முதன்மைப் பொருள் சுரப்பிகளும் நிணநீர் நாளங்களும்தான். பெண் உடலின் இந்தச் சிறு பையை அதில் விவரித்தார், அடுத்த ஆண்டே இறந்துபோனார். நாம் நெறி என்பது நிணநீர் முடிச்சைத்தான்; நெறிகளைப் பற்றியே நூல் எழுதியவர் பெயரிலுள்ள கட்டியை நாம் நெறி என்றே நினைத்து ஒத்தடம் கொடுக்கிறோம்.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1892-இல், நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி பெண்களிடம் கண்ட ஹைட்ரோசீல்கள் 14 பற்றிக் கட்டுரை வெளியிட்டார். புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியா நஞ்சைச் செலுத்திப் பார்த்து, பின்னாளில் நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சையின் முன்னோடி என்று பெயர் பெற்ற அதே கோலிதான். 1941-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கவுன்செல்லரும் பிளாக்கும் 17 நோயாளிகளைத் தொகுத்தார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனையின் தொகுப்பே பதினேழுதான் என்றால் அரிது என்பதன் அளவு புரியும். அவர்கள் செய்த மூன்று வகைப் பிரிவையே இன்றும் பின்பற்றுகிறோம். முதல் வகை, வயிற்றறையோடு தொடர்பில்லாமல் தனியே அடைபட்ட கட்டி. அதிகம் காணப்படுவது இதுதான். இரண்டாவது, வயிற்றறையோடு வழி திறந்திருப்பது. மூன்றாவது உடுக்கை வடிவம்: தொடையிடுக்குக் குழாய் வயிற்றறையிலிருந்து தொடங்கும் வாயான உள் வளையத்தில் இடுங்கி, ஒரு பாதி வயிற்றறையோடு தொடர்புகொண்டும் மறுபாதி வெளியே அடைபட்டும் நிற்கும்.

நின்றால், இருமினால், படுத்தால்

இந்த வகைப் பிரிவு தேர்வுக்குப் படிக்கிற சங்கதி மட்டுமில்லை. நோயாளி சொல்வதைப் புரிந்துகொள்ளவும் அதுவே உதவும். "எப்போதும் ஒரே அளவாக இருக்கிறது, அழுத்தினாலும் உள்ளே போவதில்லை, வலியும் பெரிதாக இல்லை" என்றால் முதல் வகையாக இருக்கலாம். "காலையில் எழுந்தால் சின்னதாக இருக்கிறது, சாயங்காலம் வேலை முடிந்து உட்காரும்போது பெரிதாகிவிடுகிறது" என்றால் வயிற்றறையோடு வழி திறந்திருக்கிறது. ஹெர்னியாவும் இப்படித்தான் பெரிதாகும், சிறிதாகும் என்பதால் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. போதாக்குறைக்கு, நீர்க்கட்டியோடு ஹெர்னியாவும் சேர்ந்திருப்பது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு என்று மருத்துவக் கட்டுரைகள் சொல்கின்றன. இதுவா அதுவா என்று கேட்டால், இரண்டுமே என்பதும் ஒரு பதில்.

பரிசோதனை செய்ய நோயாளியை நிற்க வைக்க வேண்டும். படுக்க வைத்து மட்டும் பார்த்தால் பாதி விஷயம் போய்விடும். நிற்கவைத்து வீக்கத்தின் மேல் விரலை வைத்து இருமச் சொன்னால், ஹெர்னியாவில் உள்ளிருந்து ஒரு உந்துதல் விரலில் தட்டும். அடைபட்ட நீர்க்கட்டியில் அது இருக்காது. பிறகு படுக்க வைத்து, வீக்கம் தானாகக் கரைகிறதா, அழுத்தினால் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு வீக்கத்தின் ஓரத்தில் டார்ச் வைத்தால் நீர்க்கட்டி செந்நிறமாக ஒளிரும், இப்போதெல்லாம் செல்போன் வெளிச்சமே போதும். நெறி இப்படி ஒளிராது. ஆனால் கைக்குழந்தைகளின் குடல் சுவர் மெல்லியது, அதன் வழியாகவும் ஒளி ஊடுருவும். ஆகவே குழந்தைகளிடம் டார்ச் சோதனையை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

இந்தப் பரிசோதனையெல்லாம் நடக்குமா என்பதுதான் முதல் கேள்வி. இடம் அப்படி. வீட்டில் சொல்லவே தயங்கி, சொன்ன பிறகும் பெண் டாக்டரைத் தேடி மகப்பேறு மருத்துவரிடம்தான் போவார்கள். அவர் பிறப்புறுப்பின் உதட்டில் வீக்கம் என்றதும் பார்த்தோலின் சுரப்பிக் கட்டியை நினைப்பார். அது உதட்டின் பின்பகுதியில், யோனி வாயை ஒட்டி வருவது. நக் கால்வாய்க் கட்டியோ முன்பகுதியில் நின்று மேல்நோக்கித் தொடையிடுக்குக்கு நீளும். அது இல்லை என்றானதும் வயிற்று ஸ்கேன் எழுதித் தருவார். ரிப்போர்ட்டில் கருப்பை, சினைப்பை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் இயல்பு என்று வரும். ஒன்றுமில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள், வீக்கமும் கூடவே போகும்.

காரணம் எளியது. வயிற்று ஸ்கேனுக்கு வைக்கும் வளைந்த கருவி ஆழத்தில் இருப்பதைப் பார்க்கச் செய்தது, தொடையிடுக்கு அதன் எல்லையிலேயே வராது. தோலுக்கு அடியிலேயே இருப்பதைப் பார்க்க உயர் அதிர்வெண் கொண்ட நேர்முனைக் கருவியை வீக்கத்தின் மேலேயே வைக்க வேண்டும். நிற்கவைத்தும், மூச்சடக்கி முக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும், டாப்ளரில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்யச் சீட்டில் தெளிவாக எழுத வேண்டும்: எந்தப் பக்கத் தொடையிடுக்கு, ஹெர்னியாவா கட்டியா, நின்றும் முக்கியும் பார்க்கவும் என்று. கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும். ஸ்கேன் டாக்டரின் திறமையைக் குறைசொல்லும் பல சமயங்களில் குறை நாம் அனுப்பிய சீட்டில்தான் இருக்கிறது.

சரியாகப் பார்த்தால் திரையில் தெரிவது எளிதில் மறக்காத காட்சி. கறுத்த, எதிரொலி இல்லாத, ஓரம் நேர்த்தியான ஒரு வடிவம். கீழ்ப்பக்கம் பருத்து, மேல்பக்கம் ஒரு வால் மெலிந்து தொடையிடுக்குக் குழாயின் உள் வளையத்தை நோக்கிப் போகும். காற்புள்ளி வடிவம் என்று இதை வர்ணிப்பார்கள். டாப்ளரில் உள்ளே ஓட்டம் இருக்காது. முக்கினால் அளவு மாறாவிட்டால் அடைபட்ட வகை. மாறினால் வழி திறந்திருக்கிறது, அல்லது கூடவே ஹெர்னியா இருக்கிறது. சிலரிடம் உள்ளே மெல்லிய தடுப்புச் சவ்வுகள் தெரியும். பழைய கட்டி, தொற்று வந்த கட்டி, ரத்தம் கசிந்த கட்டி ஆகியவற்றில் நீர் கலங்கித் தெரியும். திடமான பகுதி ஏதும் இருந்தாலோ, படம் இந்த விவரணைக்குள் அடங்காவிட்டாலோ எம்.ஆர்.ஐ. எடுப்பது நல்லது. எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்பது பணச்செலவு.

தவறவிடக் கூடாதவை

முதலில் தொடைக் குடலிறக்கம். ஆண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் தொடையிடுக்குக் குடலிறக்கம் வருகிறது, பெண்களில் நூறில் மூன்று பேருக்குத்தான். அதனால் பெண் என்றாலே ஹெர்னியா இருக்காது என்ற மெத்தனம் வரும். ஆனால் இடுப்பெலும்பின் முன் முகட்டுக்குக் கீழே, தொடை ரத்தக்குழாயை ஒட்டிய குறுகிய வளையத்தில் இறங்கும் தொடைக் குடலிறக்கம் பெண்களிடம்தான் அதிகம். வளையம் இறுக்கமானது, சுற்றிலும் எலும்பும் உறுதியான நாரும். உள்ளே மாட்டிய குடல் எளிதில் நெரிபடும். சின்ன நெல்லிக்காய் அளவு வீக்கமாக, இருமினாலும் உந்தாமல், அழுத்தினாலும் போகாமல் நிற்கும் என்பதால் நீர்க்கட்டி என்றோ நெறி என்றோ ஏமாறுவது எளிது. வாந்தி, வயிற்று உப்புசம், வீக்கத்தில் தொட முடியாத வலி என்று வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம்.

இந்த ஏமாற்றம் அறுவைக்கூடத்திலும் நடக்கிறது. ஸ்வீடன் நாட்டின் குடலிறக்கப் பதிவேட்டை வைத்து 2005-இல் வெளியான ஆய்வில், சாதாரணத் தொடையிடுக்குக் குடலிறக்கம் என்று அறுவை செய்யப்பட்டு மீண்டும் வீக்கத்தோடு வந்த பெண்களில் 41.6 சதவீதத்தினருக்கு இரண்டாம் முறை திறந்தபோது தொடைக் குடலிறக்கம் இருந்தது. ஆண்களில் இது 4.6 சதவீதம். முதல் அறுவையின்போதே அது அங்கே இருந்து கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்பதுதான் இதிலிருந்து தோன்றும் சந்தேகம். பெண்களுக்கு, சிறு துளை வழியாக வயிற்றுக்குள் காமிரா செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையை 2018-ஆம் ஆண்டின் சர்வதேசக் குடலிறக்க வழிகாட்டி பரிந்துரைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளிருந்து பார்த்தால் இரண்டு வளையங்களும் ஒரே பார்வையில் தெரியும்.

இரண்டாவது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சவ்வு வேறிடத்தில் வளரும் இந்த நோய் ரவுண்ட் லிகமென்டிலும் நக் கால்வாயிலும் வந்து உட்காரும். ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த தாமஸ் கல்லன் 1896-இலேயே ரவுண்ட் லிகமென்டில் இத்தகைய கட்டியை விவரித்திருக்கிறார். வலப்பக்கம்தான் இது அதிகம். அடையாளம் நோயாளியின் பேச்சிலேயே இருக்கும்: மாதவிலக்கு நெருங்கும்போது வலியும் வீக்கமும் கூடும், முடிந்ததும் குறையும். ஆனால் யாராவது கேட்டால்தானே சொல்வார்? தொடையிடுக்கு வீக்கத்துக்கும் மாதவிலக்குக்கும் முடிச்சுப் போட நோயாளிக்குத் தோன்றாது, பொது அறுவைப் பிரிவில் கேட்கிற பழக்கமும் குறைவு. கேட்பதற்கு அரை நிமிடம். கேட்காமல் சாதாரண நீர்க்கட்டி என்று பாதியை எடுத்துவிட்டு வந்தால் மிச்சம் வலித்துக்கொண்டே இருக்கும். இடுப்புக்கூட்டுக்குள் இருக்கும் நோயும் கவனிக்கப்படாமல் போகும்.

மூன்றாவது, கைக்குழந்தை. பெண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது தொடையிடுக்கிலோ உதட்டிலோ சிறு உருண்டை தட்டுப்படும். அழுகை இல்லை, சிவப்பு இல்லை, அழுத்தினால் நகர்கிறது ஆனால் உள்ளே போவதில்லை. நீர்க்கட்டி என்றும் நெறி என்றும் விட்டுவைக்கத் தோன்றும். அது சினைப்பையாக இருக்கலாம். பெண் குழந்தைகளின் குடலிறக்கப் பைகளில் 15 முதல் 20 சதவீதத்தில் சினைப்பையோ கருக்குழாயோ இருப்பதாகக் கணக்கு. அந்தக் குறுகிய இடத்தில் சினைப்பை முறுக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று அழிந்துவிடும். குழந்தைக்கு வலிக்காமல் இருப்பதால் அவசரமில்லை என்று நாட்களைத் தள்ளக் கூடாது, குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் சீக்கிரம் காட்ட வேண்டும்.

குடலிறக்கத்தோடு வரும் பெண் குழந்தைகளில் நூறில் ஒன்றிரண்டு பேரிடம் அந்தப் பையில் இருப்பது சினைப்பை இல்லை, விதை. ஆண்ட்ரோஜன் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காத பிறவி நிலை அது. குரோமோசோம் ஆணுடையது, வெளித் தோற்றம் முழுக்கப் பெண்ணுடையது. இரண்டு பக்கமும் ஹெர்னியா இருந்தால் சந்தேகம் கூடுகிறது. அறுவையின்போது உள்ளே கருக்குழாய் தெரிகிறதா என்று பார்ப்பதும், தேவைப்பட்டால் குரோமோசோம் சோதனை செய்வதும் இதற்காகத்தான். இப்படி ஒரு செய்தியைப் பெற்றோருக்குச் சொல்லும் விதத்துக்கு அறுவையை விட அதிகத் திறமை வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு வரும் தொடையிடுக்கு வீக்கத்தை அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. பெரும்பாலும் அது ரவுண்ட் லிகமென்டைச் சுற்றிய சிரைகள் புடைத்து வருவது. டாப்ளரில் ரத்தம் நெளிந்தோடுவது தெரியும், பிரசவத்துக்குப் பிறகு தானே வடியும். நெறி என்றால், தொற்றா காசநோயா நிணநீர்ப் புற்றா என்பது தனிக் கதை. நீர்க்கட்டியோடு குழம்ப ஸ்கேனில் பெரும்பாலும் இடமில்லை.

ஊசி போதாது, கழுத்தைக் கட்ட வேண்டும்

நீர்தானே, ஊசியால் உறிஞ்சிவிட்டால் என்ன? பலரும் கேட்பது. உறிஞ்சினால் அன்றைக்கு வற்றும், சுரக்கும் சவ்வு அப்படியே இருப்பதால் மீண்டும் நிறையும். வழி வயிற்றறைக்குத் திறந்திருந்தால் இன்னும் சீக்கிரம் நிறையும். ஸ்கேன் பார்க்காமல் குத்தினால், உள்ளே இருப்பது குடலாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசிக்கு இங்கே பெரிய வேலை இல்லை என்பதே என் முடிவு. அறுவைதான் தீர்வு, ஆனால் அவசரம் இல்லை. ஸ்கேனில் நீர்க்கட்டி என்று உறுதியாகிவிட்டால் பிள்ளைகளின் பரீட்சை முடிந்த பிறகு செய்துகொள்ளலாம்.

திறந்த அறுவையில் தொடையிடுக்குச் சுருக்கத்துக்குச் சற்று மேலே சில சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைத் திறக்கிறார்கள். கொழுப்பைத் தாண்டினால் வெளிச் சாய்தசையின் வெண்மையான நார்த்தகடு பளபளக்கும். அதை இழையின் போக்கிலேயே பிளந்தால் தொடையிடுக்குக் குழாய். பெரியவர்களுக்கு அது ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளம். முதலில் தேட வேண்டியது கட்டியை அல்ல, நரம்பை. இலியோஇங்குவைனல் நரம்பு மெல்லிய வெள்ளை நூலாக மேலேயே ஓடும். அதை ஒதுக்கிப் பாதுகாத்த பிறகுதான் மற்றது. நரம்பு தையலில் மாட்டினால் கட்டி போன பிறகும் வலி போகாது.

பிறகு நீலம் பாய்ந்த வெளிறிய பை ஒன்று ரவுண்ட் லிகமென்டை ஒட்டிக்கொண்டு தெரியும். சுவர் மெல்லியது, அவசரப்பட்டால் கிழிந்து வைக்கோல் நிற நீர் பீறிடும். கிழிந்தால் ஆபத்தில்லை, ஆனால் பை சுருங்கிச் சதையோடு சதையாகி எல்லை தெரியாமல் போகும். இதற்காகவே சிலர் முன்கூட்டி நீலச் சாயம் செலுத்திச் சுவரை அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். கீழ்முனையை உதட்டுக் கொழுப்பிலிருந்து விடுவித்து, மேல்முனையை உள் வளையம் வரை பின்தொடர்ந்து போக வேண்டும். அங்கே பையின் கழுத்து மெலிந்து பெரிட்டோனியத்தோடு சேரும் இடத்தில் கட்டி, வெட்டி, வளையத்தை இறுக்க வேண்டும். கண்ணில் பட்ட உருண்டையை மட்டும் நறுக்கிவிட்டுக் கழுத்தை விட்டுவிட்டால் கட்டி மீண்டும் வரலாம், ஹெர்னியாவும் அதே வழியாக இறங்கலாம்.

ரவுண்ட் லிகமென்ட் பையோடு ஒட்டிக்கொண்டு பிரிந்து வராவிட்டால் அதை வெட்டித்தான் ஆக வேண்டும். கர்ப்பப்பை இறங்கிவிடுமா என்று நோயாளிகள் பயப்படுவார்கள். கருப்பையைத் தாங்கிப் பிடிப்பது அதன் கழுத்தைச் சுற்றியுள்ள வேறு உறுதியான நார்கள், இந்த நாணின் பங்கு அதில் சொற்பம். பிரிக்க முடிந்தால் காப்பாற்றலாம், முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம். வெட்டும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜெனிடோஃபெமோரல் நரம்பின் கிளை ஒன்று உள் வளையத்தருகே இந்த நாணோடு சேர்ந்துகொள்கிறது, அது சேர்வதற்கு முன்பே, உட்புறமாகவே வெட்டிவிடுவது பாதுகாப்பு.

வளையத்தை வலுப்படுத்த மெஷ் எனப்படும் செயற்கை வலை வைப்பதா வேண்டாமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த பழக்கம் இல்லை. குழந்தைகளுக்கு வேண்டாம், கழுத்தைக் கட்டினாலே போதும். பெரியவர்களில் வளையம் அகன்றிருந்தாலோ ஹெர்னியா கூட இருந்தாலோ வலை வைப்பதே புத்திசாலித்தனம். பின்சுவர் உறுதியாக, வளையம் குறுகலாக இருக்கும் இளம்பெண்ணுக்கு, வெறும் நீர்க்கட்டிக்காக ஆயுளுக்கும் ஒரு வலையை ஏன் வைக்க வேண்டும்? எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. ஆனால் வலை வைத்தவர்கள் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று பரவியிருக்கும் பேச்சில் உண்மையில்லை.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் காமிரா போனதும் இரு பக்க வளையங்களும், தொடை வளையமும், சினைப்பைகளும், எண்டோமெட்ரியோசிஸ் புள்ளிகள் இருந்தால் அவையும் தெரிகின்றன. வயிற்றறையோடு தொடர்புள்ள வகைக்கும் உடுக்கை வகைக்கும் இது மிகப் பொருத்தம். முழுதும் வெளியே அடைபட்ட கட்டி உதட்டில் உட்கார்ந்திருந்தால் உள்ளிருந்து பார்க்கும் காமிராவுக்கு ஒன்றுமே தென்படாமல் போகலாம். அப்போது திறந்த முறைதான் நேர்வழி, அல்லது இரண்டையும் கலந்து செய்யலாம். லேப்ராஸ்கோப்பிக்கு முழு மயக்கம் தேவை. திறந்த அறுவையை முதுகுத்தண்டு ஊசியில் முடிக்கலாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள். தொடையின் உட்புறமும் உதட்டின் மேல்பகுதியும் சில வாரங்கள் மரத்துப்போயிருக்கலாம். பையை எடுத்த வெற்றிடத்தில் நிணநீர் தேங்கி அதே இடத்தில் வீங்குவதும் உண்டு, கட்டி திரும்பி வந்துவிட்டது என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். பெரும்பாலும் சில வாரங்களில் உடலே உறிஞ்சிக்கொள்ளும். சிவந்து சூடாகி வலித்தாலோ காய்ச்சல் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

எடுத்த பையை நோய்க்குறியியல் ஆய்வுக்கு அனுப்பினார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. சாதாரண நீர்க்கட்டி என்றால் நார்ச்சுவரின் உட்புறம் மீசோதீலியம் என்ற தட்டைச் செல்கள் வரிசையாக இருப்பதாக அறிக்கை வரும், அதோடு விஷயம் முடிந்தது. எண்டோமெட்ரியச் சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் இருப்பதாக வந்தால், தையல் ஆறிய கையோடு அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போக வேண்டும்.